அக்காவின் காருக்கு எந்த ஒயில்

அக்காவின் காரில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், உள்விளிம்பில் உள்ளங்கை அளவில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். முழுக்க ஜப்பான் எழுத்து. அக்கா வாங்கும்போதே அந்தக் கார் இரண்டு பேர் கைமாறி வந்திருந்தது. இரண்டு பேருமே ஸ்டிக்கரில் கைவைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஜப்பான் கார் வைத்திருக்கும் யாரும் அதை உரிப்பதில்லை. சீற் உறை மாறும், ரேடியோ மாறும், பெயின்ட்கூட மாறும், ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். விற்கிற அன்று கதவை அகலத் திறந்து, "பாருங்கோ, ஜப்பான் ஸ்டிக்கர் அப்பிடியே இருக்கு" என்பார்கள். வாங்க வந்தவரும் வாசிக்கத் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டுவார்.

நான் அதை வாசித்தேன். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அப்போது எனக்குக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. போவதற்கு ஏழு கிழமை இருந்தது. அதுவரை திருகோணமலையில் அக்கா வீட்டில்தான் நான். அத்தான் கட்டாரில் வேலை. அக்காவுக்கு மூதூரில் பள்ளிக்கூடம். மகனுக்கு மூன்று வயது. பஸ்ஸில் போவதென்றால் அக்கா விடிய ஐந்தேகாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், திரும்பிவர பின்னேரம் நாலரையாகும். பிள்ளையை விடுகிற பராமரிப்பு நிலையமோ ஆறரைக்குத்தான் திறக்கும், மூன்றரைக்குப் பூட்டிவிடும். கார் வருவதற்கு முன்னர் அந்த இடைவெளிகளை நான் நிரப்பினேன். கார் வந்த பிறகு இடைவெளியே இல்லை. ஆறரைக்குப் பிள்ளையை விட்டால் முதல் மணிக்கு முன்னர் மூதூர். இரண்டரை, இரண்டேமுக்காலுக்குப் பிள்ளையோடு வீடு.

நான் போன பிறகு கார் படுத்துவிட்டால் ஒரு வழிதான் இருந்தது. அத்தானின் தமக்கை வடக்கே தூரத்தில், புல்மோட்டையில் இருக்கிறார். நல்ல மனுசி. "பிள்ளையை இங்க விடுங்கோவன், வெள்ளிக்கு வெள்ளி வந்து கூட்டிக்கொண்டு போகலாம்தானே" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது வழக்கமாகச் சொல்லும் காகக் கதை, நரிக் கதை எதுவும் வரவில்லை.

ஆகவே போவதற்குள் அந்தக் காரை ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்துவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒயில் மாற்றும் தவணை வந்திருந்தது. அதுவரை டவுனில் ஒரு சேர்விஸ் இடத்தில் 20W-50 ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "இந்த வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் தங்கச்சி நிக்கும்" என்பது அங்கிருந்த அண்ணனின் கொள்கை. பக்கத்து வீட்டு அண்ணன் இறக்கக்கண்டியில் வள்ளம் வைத்திருப்பவர். அவர் ஒரு படி மேலே போனார். "எங்கட போட் எஞ்சினுக்கே நாப்பதாம் நம்பர் ஒயில். அது கடல் தண்ணியில குளிச்சுக்கொண்டு ஓடுது. உங்கட கார் தார் ரோட்டில ஓடுது. அப்ப யோசிச்சுப் பாருங்கோவன்."

யோசித்தேன். காலையில் அந்தக் கார் படுத்த மாடு எழும்புவதுபோல முனகிக்கொண்டுதான் எழும்பும். பெற்றோலும் கூடுதலாகக் குடித்தது. தடித்த ஒயிலைத் தள்ளுவதிலேயே எஞ்சினுக்குப் பாதிச் சீவன் போகிறது என்று எனக்குப் பட்டது. அது சரியான யோசனைதான். அதற்குப் பிறகு செய்தது சரியில்லை.

ஒயில் கானில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பற்றி ஒரு கிழமை முழுக்க வாசித்தேன். முதல் எண், குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பது. பக்கத்தில் இருக்கும் W குளிர்காலத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது. திருகோணமலையின் குளிர்காலம் என்றால் மார்கழி மழையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவெற்றர் போடுவதுதான். ஆகவே முதல் எண் எங்களுக்குப் பெரிய பொருட்டில்லை, இரண்டாவதைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும். இதை நானே விளங்கி, வரைபடம் கீறி, குசினிச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். பௌதிகவியல் படித்ததற்கு வேறென்ன பலன்.

பிறகு ஒருநாள் தொலைபேசிக் கமெராவை ஸ்டிக்கருக்கு மேலே பிடித்தேன். ஜப்பான் எழுத்துகள் திரையில் ஒருமுறை நடுங்கி ஆங்கிலமாயின. ஒயில் மாற்றம். மாற்றிய தூரம். அடுத்த முறை இத்தனையாவது கிலோமீற்றரில். கீழே, கையெழுத்தில், 0W-20. காரைச் செய்த நாட்டின் மெக்கானிக் ஒருவர் எனக்கே எழுதிவைத்த மாதிரி இருந்தது. இணையத்தில் காரின் மாதிரியைப் போட்டுத் தேடினேன். அங்கேயும் அதே எண். வரைபடத்தை அந்த நிமிடத்தோடு மறந்துவிட்டேன்.

"அக்கா, இந்தக் கார் ஜப்பானில என்ன குடிச்சதெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன குடிச்சது, கிறீன் டீயா?"

"சைபர்-இருபது."

"அது இங்க எடுக்கலாமா?"

"தேடினா எடுக்கலாம்."

அக்கா பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சொன்னாச் சரி" என்றார்.

தேடி எடுத்தேன். சேர்விஸ் இடத்து அண்ணன் கானைத் திறந்து, இரண்டு சொட்டு விரலில் விட்டுப் பார்த்தார்.

"தண்ணி மாதிரி இருக்கே தங்கச்சி."

"அப்பிடித்தான் இருக்கோணும் அண்ணா."

"உங்கட கார், உங்கட விருப்பம்" என்று ஊற்றினார்.

முதல் கிழமை கார் காற்றில் போவதுபோலப் போனது. முனகல் இல்லை. அக்கா வந்து, "தூக்கிக்கொண்டு போகுதடி" என்றார். அக்காவோடு தினமும் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இரண்டு பேர் போவார்கள். விஞ்ஞான சேர் எங்கள் தெருவில் ஏறுவார். கணித டீச்சர் ஒருவர் கிண்ணியாவில் ஏறுவார். சேர் என்னைக் கண்ட இடத்திலெல்லாம், "கார் டொக்டர், எனக்கும் முழங்கால் முனகுது, ஏதாவது ஊத்தலாமா" என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது கிழமை, ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சினுக்குள் தையல் மெசின் மாதிரி ஒரு டிக் டிக் கேட்டது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் மட்டம் மேல்கோட்டிலிருந்து பாதிக்கு இறங்கியிருந்தது. கீழே ஒழுக்கும் இல்லை. எஞ்சின் குடிக்கிறது. மிச்சமிருந்த ஒயிலில் அரை லீற்றர் ஊற்றினேன். அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரமாகப் பார்த்து ஊற்றினேன். ஐந்து நாளில் திரும்பவும் ஊற்றினேன். அதன் பிறகும் ஒருமுறை. புதிய ஒயில் எஞ்சினுக்குப் பழக நாளெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி எங்கேயும் நான் வாசித்ததில்லை.

கொழும்புக்குப் போக இரண்டு கிழமை இருக்க, ஒரு புதன்கிழமை இரண்டு மணிக்கு அக்கா தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, டீச்சரை இறக்க கிண்ணியாவில நிப்பாட்டினனான். கேத்தில் மாதிரி ஒரு சிவப்பு லைட் பத்திப் பத்தி நூருது."

பின்னால் கணித டீச்சரின் குரல் கேட்டது. "தேத்தண்ணி வைக்கச் செல்லுது போல."

"அக்கா, எஞ்சின் ஓடுதா இப்ப?"

"ஓம், ஏசி போட்டபடி நிக்குது."

"உடன ஓஃப் பண்ணுங்கோ. திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்."

அந்தக் கேத்தில் படம், ஒயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அழுத்தம் இல்லையென்றால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடம் போதும், எஞ்சினை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். உடனே பஸ் ஏறினேன். அது சீனக்குடாவைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏறும்வரை நான் புல்மோட்டையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

நான் போய்ச்சேர்ந்தபோது காரை டீச்சர் வீட்டு வாசலுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். டீச்சரின் தம்பி டிப்பர் லொறி ஓட்டி மணல், கல் ஏற்றுகிறவர். அன்று வெளியூர் போயிருந்தார். அவருடைய லொறி ஒன்று முற்றத்தில் பொனட் திறந்தபடி நின்றது. சேர் பஸ்ஸுக்குப் போகக் குடையோடு நின்றார். நான் எதுவும் கேட்கும் முன்னரே சொன்னார், "பிள்ளையை நான் போய் எடுக்கிறன், கொஞ்சம் பிந்தினாலும் வைச்சிருக்கச் சொல்லி அக்கா அங்க கோல் பண்ணிட்டா. நீங்க கேத்திலைப் பாருங்கோ." அன்று கார் டொக்டர் என்று சொல்லவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி.

டிப்ஸ்டிக்கை இழுத்தேன். கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. மட்டம் குறைவுதான், ஆனால் லைட் எரிய வேண்டிய அளவுக்குக் குறைவில்லை. எனக்கு விளங்கவில்லை. ஸ்டிக்கரைக் காட்டினேன், தொலைபேசியைக் காட்டினேன், சைபர்-இருபது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டீச்சர் பிளேன்டீயை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்.

"அது காருக்குச் செல்லியிரிக்கி. எஞ்சினுக்கு?"

"இதின்ர எஞ்சின்தானே டீச்சர்."

"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றுவிட்டு, லொறியின் திறந்த பொனட்டைக் காட்டினார். உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தது. எஞ்சின் இலக்கம், அதற்குரிய ஒயில், எத்தனை லீற்றர். மேலே இரண்டு வரி அடித்து வெட்டியிருந்தது. "எங்கட ஊட்டுப் பழக்கம் இது. இந்த லொறிக்கு இப்ப மூணாவது எஞ்சின். எஞ்சின் மாறினா முதல்ல இங்க எழுதித்தான் மத்த வேல. இல்லாட்டி ஆளுக்கொரு ஒயில ஊத்துவானுகள்."

டாஷ்போர்ட் பெட்டியில் வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி மடித்துக் கிடந்தது. ஒரு கிழமை இணையம் முழுக்க வாசித்த நான் அந்த இரண்டு பக்கத்தை வாசித்ததில்லை. எஞ்சின் இலக்கத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்துகள்தான் எஞ்சினின் வகை. அந்த இடத்தில், இந்தக் காருக்கு உரியதென்று இணையத்தில் பார்த்து எனக்கு மனப்பாடமான எழுத்துகள் இல்லை. வேறு எழுத்துகள் இருந்தன. எஞ்சின் மாற்றப்பட்டது என்று பக்கத்தில் முறையாகப் பதிந்தும் இருந்தது. நம்பமுடியாமல் ஈரத்துணியால் எஞ்சின் பக்கத்துச் சேற்றைத் துடைத்தேன். இரும்பில் அதே எழுத்துகள் கொத்தியிருந்தன. முன்னைய சொந்தக்காரர் யாரோ பழைய வகை எஞ்சின் ஒன்றை ஒழுங்காக மாற்றி, ஒழுங்காகப் பதிந்து விற்றிருக்கிறார். ஸ்டிக்கர் கதவில்தான் இருந்தது. அது சொன்ன எஞ்சின் எப்போதோ போய்விட்டது.

புதிய எழுத்துகளைப் போட்டுத் தேடினேன். பழைய அமைப்பு, உள்ளே பாகங்களுக்கிடையில் இடைவெளிகள் கூடுதல். சூடேறிய பிறகு முப்பதாக நிற்கும் ஒயில்தான் அதற்கு. வெப்ப நாடுகளுக்கு 10W-30 என்று தனியாகவே போட்டிருந்தது. நான் ஊற்றிய இருபது அந்த இடைவெளிகளால் வழுகி ஓடியிருக்கிறது. மிச்சத்தை எஞ்சின் எரித்துக் குடித்திருக்கிறது.

அக்கா மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, நான் மூண்டு தரம் ஒயில் ஊத்தினனான். உங்களுக்குச் சொல்லேல்ல."

"தெரியும்."

"எப்பிடி?"

"பிள்ளையின்ர துவாயில நீ கை துடைச்ச ஒயில் கறுப்புக் கறுப்பாக் கிடந்தது. மூண்டு தரமும் நான்தான் தோய்ச்சனான். நீயே சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, "எஞ்சின் போயிட்டுதா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் புல்மோட்டை இருந்தது.

"இன்னும் தெரியாது அக்கா."

தெரிந்துகொள்ள ஒரு வழிதான். பழைய ஒயிலை வடித்துப் பார்க்கவேண்டும். உள்ளே தேய்ந்திருந்தால் அதில் உலோகத் தூள் மினுங்கும். டீச்சரின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிப் போய் 10W-30 நாலு லீற்றர் கானும் ஒரு ஒயில் பில்டரும் வாங்கினோம். முற்றத்து மூலையில் டீசல் ஒயில் பீப்பா ஒன்று நின்றது. நான் அதைப் பார்த்ததைக் கண்டுவிட்டு, "அது லொறிக்கு, ஒங்களுக்கில்ல. நீங்க இனிக் கேட்டுட்டு ஊத்துங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

லொறிக்காரர்கள் ஏற்றிப் பார்க்கும் இரண்டு பலகைகளில் காரைத் தள்ளியே ஏற்றினோம். சாக்கு விரித்து நான் கீழே போனேன். வடிகால் ஆணியைக் கழற்றியதும் ஒயில் கறுத்த நூலாக இறங்கியது. டீச்சர் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை நீட்டினார்.

"இதில கொஞ்சம் ஏந்துங்க. கறுப்புப் பாத்திரத்தில ஒண்டும் விளங்காது."

"நல்ல பீங்கான் டீச்சர்."

"இனிச் சோத்துக்கு எடுக்க ஏலாதுதான். பரவாயில்ல, நாலு பீங்கான்ல ஒண்டு முதலே வெடிச்சிட்டு."

பீங்கானை வெயிலில் பிடித்தோம். மூன்று தலைகளும் அதற்கு மேலே. நான் மெல்லச் சரித்தேன். ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க, பீங்கானின் வெள்ளை மெல்லிய பழுப்பாகத் தெரிந்தது. மினுக்கம் எதுவும் இல்லை. மறுபக்கம் சரித்தேன். இல்லை. விரலால் தொட்டு, பெருவிரலோடு உரசிப் பார்த்தேன்; நறநறப்பு இல்லை. அக்கா தன் விரலையும் விட்டு உரசிப் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் உரசினார்.

"ஒண்டுமில்ல அக்கா. வழுவழுப்பு மட்டும்தான்."

அக்கா கையை என் தோளில் துடைத்தார். என் நல்ல சட்டை அது.

புதிய பில்டர் போட்டு, ஒயில் ஊற்றி, மட்டம் பார்த்து, ஸ்டார்ட் பண்ணினேன். கேத்தில் எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அணைந்தது. ஏசியைப் போட்டு எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டோம். அந்த நேரம் முழுக்க யன்னலால் தலையை விட்டபடி லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எரியவில்லை. டிக் டிக்கும் சூடேற ஏற ஓய்ந்தது. டீச்சர் உள்ளே போய்ப் பெயின்ட் டப்பியும் குச்சியும் கொண்டுவந்து, பொனட்டுக்குள் கரும்பலகையில் எழுதுகிற அதே வடிவான எழுத்தில் எழுதினார். எஞ்சின் இலக்கம், 10W-30, லீற்றர் கணக்கு. அந்தப் பீங்கானுக்குப் பதிலாக நான் ஆறு பீங்கான் வாங்கிக் கொடுத்தேன், பிறகு. "ஒண்டுக்கு ஆறு தாறதா? அப்ப இன்னொரு கார் பழுதாகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சேர் எங்கள் வாசற்படியில் இருந்தார். பக்கத்தில் பிள்ளை, கையில் பாதி பணிஸ், முகமெல்லாம் சீனி. "மூண்டு தரம் அதே பாட்டுப் பாடினவன், எனக்குப் பாடமாயிட்டுது" என்றுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு கிழமையும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே அக்காவும் நானும் டிப்ஸ்டிக் பார்த்தோம். முதல் நாள் நான் இழுத்துக் காட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அக்காவே இழுத்தார், துடைத்தார், திரும்ப விட்டு இழுத்தார். "இதில என்ன பெரிய விஷயம், இதைச் சொல்லித்தரத்தான் நீ கம்பஸ் போனதா?" என்றார். பதினான்கு நாளில் மட்டம் நகக்கண் அளவு இறங்கியிருந்தது. பழைய எஞ்சினுக்கு அது வழக்கம்தான். அன்று பின்னேரம் அக்கா புல்மோட்டைக்குக் கோல் எடுத்தார். குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்ல மச்சாள், பிள்ளை என்னோடயே நிக்கட்டும். லீவுக்கு வாறம். கார் நல்லா ஓடுது."

யாராவது என்னிடம் இப்போது எந்த ஒயில் ஊற்றுவது என்று கேட்டால், நான் உடனே எண் சொல்வதில்லை. எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு அந்த எஞ்சினைச் செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். அவர்கள் இரண்டு மூன்று எண் தந்திருந்தால் எங்கள் வெயிலையும் எஞ்சினின் வயதையும் வைத்து ஒன்றை எடுக்கலாம். கேட்பவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது. இதுவும் கிண்ணியாவில் ஒரு முற்றத்தில் கிடைத்ததுதான்.

கொழும்புக்குப் போகிற அன்று காலை அக்கா என்னை பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பிள்ளை பின் சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரை. ஆறரைக்கு அவனை விட்டுவிட்டு அக்கா மூதூர் போகவேண்டும். என் பையை இறக்கித் தந்துவிட்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார், ஆனால் உடனே கிளம்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே, யன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாஷ்போர்ட்டை நோக்கி விரலை நீட்டி, லைட் எரியவில்லை, பார் என்று காட்டினார். நான் தெரிகிறது என்று தலையாட்டினேன். உண்மையில் கண்ணாடியில் விடிகிற வானம்தான் தெரிந்தது. அக்கா திருப்தியாக விரலை எடுத்துக்கொண்டு, காரைத் திருப்பினார்.